ஆலோசகர் வேண்டாம், ஆள் வேண்டும்

அடையாறு, பெசன்ட் நகர், இந்திரா நகர், கோட்டூர்புரம் வட்டாரத்தில் அண்மையில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கு,



வழியனுப்பு விழா முடிந்து சால்வைகள் பீரோவுக்குள் போய்விட்டன. பணிக்கொடையும் வைப்பு நிதியும் கைக்கு வந்து, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரு பங்கும் போட்டாகிவிட்டது. காலையில் எலியட்ஸ் கடற்கரையில் நடை, நண்பர்களோடு ஒரு காபி, வீடு திரும்பியதும் செய்தித்தாள், குறுக்கெழுத்து. அத்தனையும் முடித்து நிமிர்ந்தால் மணி ஒன்பதரைதான் ஆகியிருக்கிறது. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த ஒன்பதரைக்கு ஏதோ ஒன்று உங்களுக்காகக் காத்திருந்தது: ஒரு கோப்பு, ஒரு வகுப்பறை, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை. இப்போது நீங்கள் போகாவிட்டாலும் எந்த வேலையும் நிற்காது. ஓய்வின் சுகம் அதுதான். சில மாதங்களில் உள்ளே அரிக்கத் தொடங்குவதும் அதுதான்.

ஊருக்கு ஏதாவது செய்யுங்கள் என்று இதற்குள் நிறையப் பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஊர் அடையும் நன்மையைப் பற்றி இந்த மடல் அதிகம் பேசப்போவதில்லை. தன்னார்வப் பணியால் அதைச் செய்கிறவருக்கு என்ன கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது, எப்போது கிடைக்காமல் போகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

கிடைப்பது உண்மையா என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அறுபது வயதைத் தாண்டிய 702 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினரைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல இருந்தார்கள். பள்ளிக்குப் போனவர்கள் வாரம் 15 மணி நேரம் குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க உதவினார்கள், நூலகத்தைக் கவனித்துக்கொண்டார்கள், சண்டையை விலக்கினார்கள். இரு பிரிவிலும் சேர்த்து 111 பேரின் மூளையை இரண்டு ஆண்டுகள் ஸ்கேன் செய்து பார்த்த முடிவு 2015-ல் வெளியானது. நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வயதாக ஆகச் சுருங்குவது இயல்பு. பள்ளிக்குப் போன ஆண்களிடம் அது சுருங்கவில்லை, சற்றே வளர்ந்திருந்தது. வழக்கமான வாழ்க்கையில் இருந்தவர்களுக்கு இயல்புப்படி குறைந்திருந்தது.

இன்னொன்று, ஐம்பது வயதைக் கடந்த ஏறத்தாழ 13,000 அமெரிக்கர்களைத் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளியான ஆய்வு. ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் தன்னார்வப் பணி செய்தவர்களிடம், கவனித்த நான்கு ஆண்டுகளில் இறப்பு குறைவாக இருந்தது. நடக்க, குனிய, படியேறச் சிரமப்படுவது குறைவாக இருந்தது. தனிமை உணர்வும் நம்பிக்கையின்மையும் குறைந்திருந்தன. ஆண்டுக்கு நூறு மணி என்றால் வாரத்துக்கு இரண்டு மணி. ஒரு திரைப்படம் பார்க்கும் நேரம்கூட முழுதாக இல்லை.

இதே ஆய்வு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், பக்கவாதம், புற்றுநோய் போன்றவற்றில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 2013-ல் வேறொரு ஆய்வு, ஆண்டுக்கு 200 மணி நேரம் பணி செய்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு குறைவு என்று கண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதே 2013-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் அதுவரை வந்த கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்னார்வலர்களிடம் இறப்பு விகிதம் 22 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் சேவையால் ஆரோக்கியம் வந்ததா, ஆரோக்கியமானவர்கள்தான் சேவைக்கு வருகிறார்களா என்பதைத் தீர்த்துச் சொல்ல அந்தச் சான்றுகள் போதாது என்று அவர்களே எழுதினார்கள். ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுச் சேவைக்குக் கிளம்ப வேண்டாம்.

உங்களுக்கு மிகவும் வேண்டிய ஆய்வு 2012-ல் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் பள்ளிப் படிப்பு முடித்த தலைமுறையை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறார்கள். ‘ஏன் தன்னார்வப் பணி செய்கிறீர்கள்?’ என்று அவர்களைக் கேட்டு வைத்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிறருக்கு உதவ என்று காரணம் சொன்னவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. என் மனநிம்மதிக்காக, என் கவலையை மறக்க என்று தன்னை முன்வைத்துக் காரணம் சொன்னவர்களுக்கும், எந்தப் பணியும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. கனடாவின் வான்கூவரில் 106 பள்ளி மாணவர்களை வைத்து நடந்த சோதனையும் இதே பக்கம்தான் கை காட்டியது. வாரம் ஒரு முறை சிறு குழந்தைகளுக்கு உதவப் போன மாணவர்களுக்கு இரண்டே மாதத்தில் உடல் எடையும் கொழுப்பும் அழற்சிக் குறியீடும் இறங்கின. யாருக்குப் பிறர்மேல் பரிவு அதிகம் கூடியிருந்ததோ, அவர்களுக்குத்தான் அதிகம் இறங்கியிருந்தது.

ஆக, பலன் உண்டு. அதையே கண்ணில் வைத்துக்கொண்டு போனால் அது கைக்கு வருவதில்லை. வேலையின் மேல் கண் இருக்க வேண்டும். அதற்கு, கண்ணை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும். அடையாறில் அதற்குப் பஞ்சம் இருந்ததே இல்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை இரவுகளில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் ஒரு கூட்டம் நடந்து வருகிறது. கல்லூரி மாணவர்கள் 1988-ல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் நடை அது. அதற்கும் முன்பே, 1970-களின் தொடக்கத்தில், கிண்டி பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இந்தக் கரையில் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். பங்குனி ஆமை இரவில் கரையேறி, மணலில் பானை வடிவில் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். விட்டுச் செல்வது ஒரு தடம் மட்டுமே. நாயும் மனிதரும் எடுப்பதற்கு முன்னால் அந்தத் தடத்தைப் பிடித்து, மேல்மணல் எங்கே இளகியிருக்கிறது என்று கம்பால் மெல்லத் தடவிக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். சுமார் 45 முதல் 50 நாளில் குஞ்சு வெளிவரும். தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ஊருக்குள் நடக்கும் குஞ்சுகளை, கூடையில் எடுத்துப்போய் அலையருகே விட வேண்டும்.

இந்த நடை ஆமைகளுக்கு என்ன செய்தது என்பது தனிக் கதை. நடந்தவர்களுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர் பாம்புப் பண்ணை வட்டத்தில் சேர்ந்து, படிப்பு வழியை விட்டு விலகி, இந்தியாவின் கடற்கரைகளையும் அந்தமான், லட்சத்தீவுகளையும் கால்நடையாக அளந்து, நாட்டின் கடலாமை ஆய்வுக்கே அடித்தளம் போட்டார். 1982-ல் லட்சத்தீவின் ஆளில்லாத தீவு ஒன்றில் மாதக்கணக்கில் தன்னந்தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து வீடு வந்து சேர்ந்தது. 1988-ல் மாணவராக நடையைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர் ஆனார். இவர்களைப்போலப் பெயர் தெரியவந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வங்கியிலும் கணினி நிறுவனத்திலும் வேலை பார்த்துக்கொண்டே, அடுத்த ஜனவரிக்கும் வந்து நிற்கிறவர்கள்.

சந்தோஷம் மட்டும் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கியவை. முட்டை தேடிப் போனவர்கள் அந்த இரவுகளில் சடலங்களை எண்ணிக் குறித்தார்கள். அப்படி எண்ணியதால்தான் செய்தித்தாளுக்கும் அரசுக்கும் விஷயம் போனது. மனநிம்மதி தேடி மட்டும் வந்திருந்தால் மறுநாள் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, தினமும் நீங்கள் கடந்து போகிற கட்டடம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 ஜூன் 18-ஆம் தேதி 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அதற்குப் பணம் திரட்டியது இந்திய மாதர் சங்கம். முன்னால் நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மருத்துவமனை திறந்தபோது அவருக்கு வயது 67. சட்டமன்ற உறுப்பினராக இருந்தது 1920-களின் இறுதியில், அவ்வை இல்லம் தொடங்கியது 1930-ல். ‘செய்ததெல்லாம் போதும்’ என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அறுபதைத் தாண்டிய அந்த வயதில்தான் அவர் வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 1955-ல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-ல் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

டைடல் பார்க்குக்குப் போகும் வழியில் இருக்கும் வி.எச்.எஸ். (வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ்) மருத்துவமனையின் பெயரிலேயே தன்னார்வம் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் கே.எஸ். சஞ்சீவி அதை 1958-ல் தொடங்கினார். குடும்ப வருமானத்துக்கு ஏற்ற சந்தாவுக்கு மருத்துவம் என்பது அவருடைய திட்டம். மூத்த மருத்துவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து நோயாளிகளைப் பார்த்ததால்தான் அந்தத் திட்டம் நின்றது.

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர், வேலைக்குப் போகிறவர் என்று எல்லாரும் உண்டு. அவர்களுக்குத் தரப்படும் பயிற்சியில் கடினமான பாடம், ஆலோசனை சொல்லாமல் இருப்பது. கேட்க வேண்டும், குறுக்கிடாமல் கேட்க வேண்டும், தீர்ப்புச் சொல்லாமல் கேட்க வேண்டும். முப்பது ஆண்டு மேலதிகாரியாக இருந்தவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனால் அந்தப் பழக்கம் பிடிபட்டவருக்கு, வீட்டில் மகனோ மருமகளோ பேசும்போதும் அது கைகொடுக்கும். வேறு எந்தப் பயிற்சி வகுப்பிலும் காசு கொடுத்து வாங்க முடியாத ஆதாயம் இது.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்றவர்கள் தன்னார்வ அமைப்புகளுக்குள் நுழையும்போது பெரும்பாலும் ஆலோசகராகத்தான் நுழைகிறார்கள். ‘எனக்கு நிர்வாகத்தில் நாற்பது ஆண்டு அனுபவம், உங்கள் கணக்கு வழக்கை ஒழுங்கு செய்து தருகிறேன்’ என்பது முதல் வாக்கியம். குழு அமைக்கலாம், அறிக்கை தயாரிக்கலாம், ஆணையருக்கு மனு எழுதலாம் என்பது இரண்டாவது. குடியிருப்போர் சங்கத்தில் தலைவர், துணைத்தலைவர், கௌரவ ஆலோசகர் பதவிகளுக்கு ஆள் இருக்கிறது. மழைநீர் வடிகாலில் எந்த இடத்தில் அடைப்பு என்று குனிந்து பார்க்க ஆள் இல்லை. அனுபவம் தேவையற்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆலோசகரை யாரும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. அவர் வராத வாரத்தில் எதுவும் நிற்பதில்லை. எந்த வெறுமையிலிருந்து தப்பிக்க வந்தாரோ, அதையே வேறு கட்டடத்தில் போய் அனுபவிப்பார்.

மாறாக, பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவராகப் போய்ப் பாருங்கள். நீங்கள் போகாவிட்டால் அவரால் அன்று தேர்வு எழுத முடியாது. மூன்று மணி நேரம் அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். தவறாகச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் கை திருத்தக் கூடாது. முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வேடிக்கையான செய்தி: பல போட்டித் தேர்வுகளில், எழுதுபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே உங்கள் பட்டமே தடை. அப்படியானால் பாடப் புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து தரலாம். தமிழைத் திருத்தமாக உச்சரிக்கும் குரலுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

கோட்டூர்புரத்தில் அடையாற்றுக் கரையோரம் ஐந்து ஏக்கர் அளவுக்கு ஒரு மரப்பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம். ‘நிழல்’ அமைப்பு 2006-ல் அதைக் கையில் எடுத்தது. பூவரசு, புங்கம், நீர்மருது என்று நம் மண்ணின் மரங்களாக நட்டு வளர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் களை பிடுங்கி, பாத்தி கட்டி, மூடாக்கு போட்ட தன்னார்வலர்கள் உருவாக்கிய காடு அது. அந்த மாதிரி இடத்தில் உங்களுக்கு வேலை சொல்லித் தருவது இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக இருக்கலாம். ‘அங்கிள், அது களை இல்ல, அதை விட்டுடுங்க’ என்பாள். அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தெரிந்தவருக்கு மிச்சமெல்லாம் சுலபம். பணியில் கடைசியாக எப்போது புதிதாக ஒன்றைக் கற்றீர்கள்? பதவி உயர உயரக் கற்பது குறைந்து கற்பிப்பது கூடுகிறது. அறுபதில் மறுபடி கடைநிலையில் சேர்வது, நரம்பியல் ஆய்வாளர்கள் மூளைக்கு நல்லது என்று சொல்கிற அதே காரியம்தான்: தெரியாத வேலை, தெரியாத மனிதர்கள், கொஞ்சம் தடுமாற்றம்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அலுவலகம் உங்களை விடுவித்த நாளில் அடுப்படி விடுவிக்கவில்லை என்பது தெரிந்ததுதான். பேரக்குழந்தை, மாமியாருக்கு மருந்து, ஆறு மாதம் அமெரிக்கா என்று உங்கள் நேரத்துக்கு ஏற்கெனவே பங்குதாரர்கள் அதிகம். அந்த வேலைகளுக்கு ஊதியமும் இல்லை, தன்னார்வப் பணி என்ற பெயரும் இல்லை. அவற்றோடு இன்னொன்றையும் சுமத்துவது இந்த மடலின் நோக்கமில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் வீட்டில் உள்ள ஆண் அடுப்படியையும் மாமியாரையும் பார்த்துக்கொள்ளட்டும். அதுவும் அவருக்கு நல்ல பயிற்சி.

எதில் சேருவது என்று முடிவு செய்யும்முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். ஒன்று, கிழமையும் நேரமும் நிலையானதா? ‘எப்போது முடிகிறதோ அப்போது வாருங்கள்’ என்று சொல்லும் இடத்துக்கு மூன்றாவது வாரம் யாரும் போவதில்லை. இரண்டு, முன்கூட்டிப் பயிற்சி உண்டா? பயிற்சி கொடுக்கிற அமைப்பு உங்களை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்கப் போகிறது என்று அர்த்தம். மூன்று, நீங்கள் வராத நாளில் யாருக்குத் தெரியும்? ‘யாருக்கும் தெரியாது’ என்பது பதிலானால் வேறு இடம் பாருங்கள். இந்த மூன்றும் எதற்கு? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டாத கை அடையாறில் இல்லை. ஆனால் ஊர் கூடிய அந்த உற்சாகம் சில வாரங்களில் வடிந்தது. பேரிடரில் ஓடுவது எல்லாருக்கும் இயல்பாக வரும். இங்கே பேசுவது பேரிடர் இல்லாத செவ்வாய்க்கிழமையைப் பற்றி.

உடல் ஒத்துழைப்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுப்பதிலும் வெட்கமில்லை. முழங்கால் வலிக்கிறவர் இரவு ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டியதில்லை. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் செல்பேசி வெளிச்சத்தோடு முண்டியடிக்கும் கூட்டத்தை இரண்டடி பின்னால் நிறுத்தவும் ஆள் வேண்டும். அதற்குக் குரல் போதும். புற்றுநோய் மருத்துவமனைக்கு ஆந்திரத்திலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து, எந்த வரிசை எங்கே என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு வழிகாட்டப் பொறுமை போதும். ஏழைப் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894-ல் தொடங்கிய பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது. அதுபோன்ற பள்ளிகளில் நான்காம் வகுப்பில் இன்னமும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஒரு மணி நேரம் போதும். எங்கே போனாலும் பள்ளியிடமும் மருத்துவமனையிடமும் முதலில் அனுமதி கேளுங்கள். அவர்கள் கேட்கும் சான்றுகளைக் கொடுங்கள். ‘என்னையே சந்தேகப்படுகிறார்களா’ என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கும் இடத்தில் அது இருக்க வேண்டிய எச்சரிக்கை.

இந்த வட்டாரத்தின் ஆண்டு ஏறக்குறைய இப்படி ஓடுகிறது. தை பிறந்தால் ஆமைகள் கரையேறும், பங்குனி, சித்திரையில் குஞ்சு பொரியும். ஏப்ரலிலும் நவம்பரிலும் கல்லூரித் தேர்வுகள், எழுதுபவர்களைத் தேடி ஒரு மாதம் முன்பே ஆள் அலைவார்கள். ஜூனில் பள்ளி திறக்கும். ஆடி, ஆவணியில் குழி வெட்டி வைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் கன்று நடுவார்கள். தொலைபேசி மணியும் மருத்துவமனை வரிசையும் எல்லா மாதமும் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் டிக்கெட் எந்த மாதத்துக்கு என்று பார்த்துக்கொண்டு, மிச்ச மாதங்களில் ஒன்றைப் பிடியுங்கள். சேரும்போதே ‘இந்த நான்கு மாதம் இருக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டால் அவர்கள் உங்கள் கிழமைக்கு இன்னொருவரை ஏற்பாடு செய்துகொள்வார்கள். திரும்பி வந்ததும் விமானக் களைப்பு தீர்ந்த பிறகு ஒரு போன் செய்தால் போதும், அடுத்த வாரப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
அடையாறுவாசி ஒருவர்